இரண்டு பக்கத்துத் தண்ணீர்

என் அக்காவை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சீருடை தைக்கும் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா போடுவது அவள் வேலை. பொத்தான் நுழைகிற துளைக்கு ஓரம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிற நூல். கல்யாணமான புதிதில் அந்த மெஷினில் உட்கார்ந்தவள், பிள்ளை இல்லை என்று தெரிந்தபோதும் அதில்தான் உட்கார்ந்திருந்தாள், மாமா செத்த பிறகும் அதில்தான். "கண்ணைக் கட்டிவிட்டாலும் காஜா போட்டுருவேன்டா. அப்புறம் இந்தக் கண்ணு எதுக்குன்னுதான் சில நாள் தோணுது" என்று ஒருமுறை சொன்னாள். நான் வழக்கம்போல அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டடத்தில் படிக்கட்டுக்கு இடப்பக்கம் சில வீடுகள், வலப்பக்கம் சில வீடுகள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. எப்போதோ தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அணைக்க மறந்தது நீயா நானா என்று தொடங்கி, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியைக்கூட நடுவில் அறுத்து ஆளுக்கொரு பாதியாகக் கட்டிக்கொண்டார்கள். பெரிய மனிதர்கள். அக்காவின் ஒற்றை அறை மேல்மாடியில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்ததால் அவள் எந்தப் பக்கத்திலும் சேர்த்தி இல்லை.

கயிறு அறுந்த அந்த நடு இடத்தை யாரும் மிதிப்பதில்லை. அங்கேதான் ஒரு பெயிண்ட் வாளியில் அக்கா தக்காளிச் செடி வைத்தாள். அப்புறம் ரோஜா, சாமந்தி, புதினா, பழைய டிரம் ஒன்றில் எலுமிச்சை. உடைந்த குடையின் கம்பிகளை விரித்துக் கட்டி அதில் அவரைக்கொடியை ஏற்றினாள். சும்மா வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வரட்டும் என்று வாளிகளை இழுப்பாள், எட்ட நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள், சரியில்லை என்று மறுபடி இழுப்பாள். இடுப்பு ஒடிந்துவிடும். முகம் மட்டும் புதுப்பெண் மாதிரி இருக்கும்.

"இதைப் பார்த்து யாரு உனக்குப் பரிசு குடுக்கப் போறா?" என்று கேட்டேன்.

"கற்பூர வாசனையப் பத்திக் கழுதைகிட்ட நான் கேட்டேனா?" என்றாள்.

முதலில் குழந்தைகள் ஏறி வந்தன. பிறகு இடப்பக்கத்து பஸ் டிரைவரின் மனைவி புதினா கிள்ள வந்தாள். வலப்பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒயர் இழுத்து ஒரு பல்பு மாட்டினான். கொஞ்ச நாளில் சாயங்காலமானால் இரண்டு பக்கத்தாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வர ஆரம்பித்தார்கள்.

"பார்த்தியாடா, பஞ்சாயத்து வச்சும் முடியாதத ஒரு அவரைக்கொடி முடிச்சிருக்கு" என்று அக்கா பூரித்துப்போனாள். வாழ்க்கையில் அவள் பெருமையடித்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நானும் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். டிரைவர் மனைவி சொல்கிறாள், "காஜாக்கா, அவங்க சேரைக் கொஞ்சம் நகத்திக்கச் சொல்லுங்க." கை நீட்டினால் தொடும் தூரத்தில் எலக்ட்ரீஷியன். அவன் நாற்காலியை நகர்த்திவிட்டு, "நகத்தியாச்சுன்னு சொல்லுங்க காஜாக்கா" என்கிறான். அக்காவும் மெனக்கெட்டு இந்தப் பக்கம் திரும்பி, "நகத்திட்டாராம்" என்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காத. முன்னாடி மூஞ்சியையே பார்க்காதவங்க. ஒண்ணா உட்கார்றாங்கல்ல, மீதி தானா வரும்" என்றாள்.

மீதி வருவதற்குள் வயிற்றில் கட்டி வந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி தரைத்தளத்தில் இருக்கும் என் வீட்டில்தான் அவள் இருந்தாக வேண்டும். ஆபரேஷனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை அவள். தோட்டத்தை என்ன செய்வது என்பதுதான் கவலை.

"யாராவது ஒருத்தர்கிட்ட பொறுப்பைக் குடுத்துட்டு வா" என்றேன்.

"ஒரு பக்கத்துக்குக் குடுத்தா இன்னொரு பக்கம் மாடி ஏறாது. பொதுவா விட்டாத்தான் பேசிக்குவாங்க. வேற வழி இல்லாம பேசித்தானே ஆகணும்?"

"பேசலேன்னா?"

"நான் போனதும் கலைஞ்சு போற கூட்டம்னா நான் எதுக்குடா இத்தனை நாள் தண்ணி சுமந்தேன்?" என்றாள்.

புறப்படுகிற அன்று எல்லோரையும் மாடிக்கு வரவழைத்தாள். "செடியெல்லாம் இனிமே உங்களோடது. யாரு எப்போ தண்ணி ஊத்துறதுன்னு நீங்களே பேசி வச்சுக்குங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். டிரைவர் மனைவி அழுதேவிட்டாள்.

புண்ணில் சீழ் வைத்து, நினைத்ததைவிட அதிக நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்படி ஆனது. இரண்டு பக்கத்தாரும் பார்க்க வந்தார்கள், வெவ்வேறு நேரத்தில். "செடிக்கு ஒரு குறையும் இல்ல காஜாக்கா" என்று இவர்களும் சொன்னார்கள், அவர்களும் சொன்னார்கள். அந்த வலியிலும் அக்கா என் கையைப் பிடித்து, "பேசியிருக்காங்கடா" என்றாள். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன்.

என் வீட்டுக்குப் போகும் முன் ஒரே ஒரு தரம் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் எலக்ட்ரீஷியனும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். கடைசிப் படியிலேயே அழுகல் வாடை வந்தது. ரோஜாவின் தண்டு கறுத்திருந்தது. அவரைக்கொடி குடைக்கம்பியில் வைக்கோலாகத் தொங்கியது. எலுமிச்சையில் மிச்சமிருந்த இலைகளும் மஞ்சள். அக்கா கையை நீட்டி ஒரு வாளியின் மண்ணுக்குள் விரலை விட்டாள். கொழகொழவென்று சேறு.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்று கேட்டாள்.

"நாங்கதான் காஜாக்கா. காலைல ஒரு நாள் தவறல" என்றாள் டிரைவர் மனைவி.

எலக்ட்ரீஷியன் மெதுவாகச் சொன்னான். "நாங்க சாயங்காலம், எல்லாரும் மேல வர்றதுக்கு முன்னாடி."

அவர்களா ஊற்றப்போகிறார்கள் என்று இவர்கள் ஊற்றியிருக்கிறார்கள். இவர்களை நம்பி எப்படி விடுவது என்று அவர்களும் ஊற்றியிருக்கிறார்கள். மண் ஈரமாக இருந்தால் தாங்கள் ஊற்றிய ஈரம் என்று நினைத்துக்கொண்டார்கள். வேர் அழுகி இலை துவண்டதும், தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஒரு வாளி. குறை சொல்ல முடியாத கவனிப்பு. எதிரே நின்றவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்களும் ஊத்துறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நிறுத்தியிருப்போம்ல. அவர்கிட்ட கேளுங்க காஜாக்கா."

பழக்க தோஷம், அக்காவின் தலை எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பியது. வாய்கூடத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டாள். "கீழ இறக்குடா" என்றாள் என்னிடம்.

வழியெல்லாம் "புதுசா வாங்கி வைப்போம்க்கா, எங்க வீட்டு வாசல்ல இடம் இருக்கு" என்று ஏதேதோ உளறினேன். "பூச்சி அரிச்சுச் செத்திருந்தா மனசு ஆறியிருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனத்தாங்கல். என்ன காரணம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி, உங்க தம்பியைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாடை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயைத் திறப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தோம்.