மகள் இருந்த மலைக்கு வந்த புயல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதி வேறு கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகளைக் கொடைக்கானல் மலைப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்தின்போது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க மரம்தான். பிறகு காட்டேஜ் கட்டுகிறோம் என்று யாரோ வந்து எல்லாவற்றையும் வெட்டி வழித்துவிட்டார்கள். இப்போது வெறும் மண்.

அவளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கையோடு மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று போனேன். சம்பந்தியம்மா விடவில்லை.

"ஒம்பதுல அனுப்புறேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

மகளும், "அத்தை சொன்னா சரியா இருக்கும்மா" என்றாள். பெற்றவள் நான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. தனியாகப் பஸ் ஏறி ஊர் திரும்பினேன்.

எட்டாம் மாதத்தில் புயல் கிளம்பியது. மதுரையில் தூறலோடு போய்விடும், மலையில்தான் கொட்டும், மரம் இல்லாத சரிவுகளில் மண் இறங்கும் என்று டிவியில் சொன்னார்கள். மகள் வீடு இருக்கும் இடம் இதுதான் என்று டிவித் திரையில் காட்டிய வரைபடத்தின் மேல் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன். புயல் சுழி அதை நெருங்குகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். மகன் வேறு சேனல் வைத்தான். அதில் வேறு படம்.

"இங்க பாரும்மா, அக்கா வீடு இப்ப கடலுக்குள்ள இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். எடுத்தது சம்பந்தியம்மா.

"அவளை இப்பவே அனுப்பி வைங்க மதினி."

"எட்டாம் மாசத்துல எப்படி அனுப்ப? ரெட்டைப்படை மாசத்துல பெத்த வீட்டுக்கு அனுப்பக் கூடாதுல்ல?"

"மலை சரியிறப்ப ஒத்தை ரெட்டை பாக்குமா?"

நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள். பின்னாலேயே பையோடு சம்பந்தியம்மா.

"பெத்த வீட்டுக்கு அனுப்பலை மதினி. நானும் அவளும் விருந்தாளியா வந்திருக்கோம். அது கணக்குல சேராது."

அதற்கு அடுத்த நாள் மருமகன் போனில் பேசினார். பின்பக்கச் சரிவு இறங்கி, அடுப்படி மண்ணுக்குள் போய்விட்டது. அவர் முன்னமே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கியிருந்ததால் தப்பித்தார். மகள் அழுதாள். அவள் போய்ச் சாய்ந்தது மாமியார் மடியில். காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "எனக்கு மனசுல பட்டுச்சு, உடனே கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சம்பந்தியம்மா சொன்னார். மகளும் தலையாட்டினாள்.

புயல் எந்தப் பக்கம் திரும்பியது, கார் வந்தது என்ன கிழமை என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். நான் போன் பேசியபோது மகன் பக்கத்தில் இருந்தான். யாராவது அவனிடம் கேட்டுச் சரிபாருங்கள். மற்றது விட்டாலும், மகளை அனுப்பச் சொல்லி முதலில் கேட்டது யார் என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.