தட்டிப் பார்க்காத தளம்

ரங்கூன் பக்கம் இன்சீன் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குத் தளம் போடுவதுதான் என் வேலை. கைக்கு வந்த பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். நல்ல தேக்கு கணீரென்று பேசும். உளுத்தது சளி பிடித்தவன்போல முனகும். சாப்பாட்டு மேசையைக்கூடத் தட்டுகிறேன் என்று மனைவி கேலி செய்வாள். இப்பேர்ப்பட்ட மேதாவி, சொந்த வீட்டுத் தளத்தை மட்டும் தட்டாமல் வாங்கினேன்.

வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. காட்டிலாகா துரை ஒருவர் மாடு கட்டி இழுத்துப்போய்க் காட்டில் தங்கிய பழைய வண்டி. உள்ளே கட்டில், அலமாரி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. துரை சீமைக்குப் போனதும் அது என் கப்பல் பங்காளி கைக்கு வந்தது. அவனும் நானும் ஒரே கப்பலில், ஒரே வாளியில் வாந்தி எடுத்தபடி ரங்கூன் வந்தவர்கள். பட்டறையிலும் அடுத்தடுத்த மேசை. கப்பல் பங்காளி தரும் பொருளைத் தட்டிப் பார்ப்பது, அவன் வீட்டுச் சோற்றை மோந்து பார்ப்பதற்குச் சமம். லான்மடாவில் ஊரார் கும்பலோடு ஒரே அறையில் கிடந்த எங்களுக்குத் தனிக் கதவு கிடைக்கிறதே என்று மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

தாமுவேயில் ஒரு காலி மனையில் நிறுத்தினோம். வண்டி என்று தேங்காய் உடைப்பதா, வீடு என்று பால் காய்ச்சுவதா? மனைவி கட்சி ஜெயித்தது. நடுத்தளத்தில் தகரம் விரித்து, செங்கல் அடுக்கி, அடுப்பு மூட்டினாள். பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை முடிவதற்குள் செங்கல், பானை, மங்களம் எல்லாம் தளத்தைப் பொத்துக்கொண்டு கீழே போயின. பிடிக்கப் பாய்ந்த நானும் இடுப்புவரை இறங்கினேன். இதுவும் உங்கள் சடங்கில் உண்டா என்று பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மா அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் தளத்தின்மேல் ஒட்டியிருந்த மெழுகுத்துணியை உரித்தேன். மேலே புதுப் பலகை. அடியில் குறுக்குச் சட்டங்கள் மழையில் ஊறி ரொட்டியாகியிருந்தன. இற்ற இடத்திலெல்லாம் சாமான் பெட்டிப் பலகையை ஒட்டுப்போட்டு, தார் பூசி மறைத்திருந்தது. திருகாணித் தலைகளின் வெட்டுகள் அத்தனையும் ஒரே திசையில், சிப்பாய் வரிசைபோல. எங்கள் பட்டறையில் அப்படித் திருகுகிறவன் ஒருவன்தான், என் அடுத்த மேசைக்காரன். துரையின் தச்சன் செய்திருப்பான் என்று நம்ப எவ்வளவோ பாடுபட்டேன்.

போய்க் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"வேற எவனா இருந்தாலும் தட்டிப் பாத்திருப்பான், பங்காளி. நீ பாக்க மாட்டேன்னு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்து தருவதாக அவனாகவே சொன்னான். வேண்டாம் என்று திரும்பினேன்.

இற்றதையெல்லாம் நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டியெடுத்தேன். பழைய சட்டத்தின் பக்கத்தில் புதுத் தேக்குச் சட்டத்தைச் சேர்த்துப் போல்ட்டு போட வேண்டும். இரண்டு தச்சர்கள் செய்கிற வேலை. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து, கவிழ்ந்த கரப்பான்போலக் கால்களால் சட்டத்தைத் தாங்கினேன். மேலிருந்து மனைவி மரை முடுக்கினாள்.

"மறுபடி பால் காய்ச்சணுமே. உங்க பங்காளி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவா?"

சட்டத்தைக் காலால் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"மொதல்ல மரைய முடுக்கு" என்றேன்.

அவள் முடுக்கினாள். திரும்பக் கேட்கவில்லை.