ரவுடியின் நடுவில் ஒரு மங்கல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சாக்கடை’ என்று பெயர். பாட்டிலும் கயிறுமாகக் கால்வாய் கால்வாயாக அலைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் தேடியது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். கோழிக்கறியில் ஒட்டி வந்து வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லாவை ஒழிக்க வேண்டுமானால், அந்தக் கிருமி குடியிருக்கும் இடத்தில்தான் அதன் எதிரியையும் பிடிக்க வேண்டும்.

பிடித்தது அம்மா வேலை பார்க்கும் கோழிக்கடைக் கால்வாயில். அம்மா அங்கே கோழி வெட்டித்தான் வீட்டில் முதல் பட்டதாரியை உண்டாக்கினாள்.

கிருமி வளர்க்கும் தட்டில் மூடுபனிபோல் படர்ந்திருந்த சால்மொனெல்லாவுக்கு நடுவே அந்த ஃபேஜ் வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. எல்லோரும் அதற்கு ‘ரவுடி’ என்று பேர் வைத்தார்கள். கறியில் தெளித்துப் பார்க்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது. அதன் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுப்பைப் படித்து, ‘பாதுகாப்பானது’ என்று அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஜீனோமில்தான் இடித்தது. இன்டக்ரேஸ் என்றொரு மரபணு. அது இருந்தால் ஃபேஜ் சில சமயம் கிருமியைக் கொல்லாது; அதன் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்து தங்கிவிடும். போகிறபோக்கில் நச்சு மரபணுக்களை வேறு கிருமிக்குக் கடத்தவும் கடத்தும்.

“மேடம், ரவுடி அடிச்சுட்டுப் போறவன் இல்ல. வீட்டோட மாப்பிள்ளையா உட்கார்ந்துடுற ரகம்.”

பேராசிரியை சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். தட்டைப் பாரு, ஓட்டை ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருக்கு. நாளைக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. கையெழுத்தைப் போட்டுடு.”

ஓட்டைகள் கண்ணாடி மாதிரிதான் இருந்தன. எனக்குத்தான் ஜீனோமைப் படிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்தாள். கேட்டுப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. அப்போதுதான் உறைத்தது. காலையில் தட்டைப் பார்த்ததும் கழுவப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். மறுநாள் அது எப்படி இருக்கும் என்று யாருமே பார்த்ததில்லை.

ஒரு தட்டை மட்டும் இன்குபேட்டரின் மூலையில் ஒளித்துவைத்தாள். கழுவுகிற அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

“இது என்ன பழைய சோறா, மிச்சம் வைக்க? நாறிடும்மா.”

“நாறட்டும்க்கா.”

“மேடம் கேட்டா?”

“நான்தான் வச்சேன்னு சொல்லிடுங்க.”

மறுநாள் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல் ஒரு மங்கல். உள்ளே ரவுடியை உட்காரவைத்துக்கொண்டு கிருமி சுகமாக வளர்ந்திருந்தது.

கம்பெனிக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்த மேசையில் அந்தத் தட்டை வைத்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சின்னப் புள்ளிதானேம்மா?” என்றார் ஒருவர்.

“உயிரோட இருக்கிற புள்ளி சார். இதைக் கறியில தெளிச்சா, விரட்டப் போன கிருமிக்கு நாமளே துணை அனுப்பின மாதிரி.”

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பேராசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. “இதை என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து சொன்னேன் மேடம்.”

“அப்ப கேட்டுக்கோ. வேற ஃபேஜ் கொண்டு வர்ற வரைக்கும் உன் தீசிஸ் நகராது.”

“கொண்டு வர்றேன் மேடம்.” மேசையிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பாட்டிலோடு கடைக்கு வந்தவளைப் பார்த்து அம்மா கத்தியை நிறுத்தினாள். “என்னடி, உன் ரவுடி கம்பெனிக்குப் போகலையா?”

“நான்தான் வேணாம்னுட்டேன்.”

“அப்ப இத்தனை நாள் பட்ட பாடு தண்டமா?”

“தெரியலம்மா. ஆனா அதை யாரும் திங்கப் போறதில்ல.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்: “ஏம்மா, யாவாரம் நடக்கிற நேரத்துல வாசல்ல சாக்கடையைக் கிளறாதே! ஆளுங்க பார்க்கறாங்க!”

“பார்க்கட்டும் அண்ணாச்சி. கழுவிட்டுத்தானே போறேன்!” என்றபடி குந்தி உட்கார்ந்தாள். அம்மா கால்வாய் மூடியின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கினார்கள். பாட்டில் கட்டிய கயிறு உள்ளே இறங்கியது.