பாயிடம் அக்கா சொல்லாத காரணம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வழக்கமாகத் திறந்தே கிடக்கும் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, முதலாளி பாயின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். பத்து வருடத்துக்கு மேல் அதே கடையில் இருந்தவர், அன்றைக்குப் புதிதாக வேலை கேட்டு வந்தவரைப் போல நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"பாய், உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நான் வேலைய வுட்டு நின்னுக்கலாம்னு இருக்கேன். வேற பார்மசிஸ்ட் கெடைச்சு, அவங்க எல்லாத்தையும் பழகுற வரைக்கும் வர்றேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்கிட்ட இன்னா கொறை கண்டம்மா?"

"ஒரு கொறையும் இல்ல பாய். வீட்டுக்காரர் பாண்டியில இருக்காரு. நானும் பாப்பாவும் அங்கியே போய்டலாம்னு."

"அவரு எத்தினியோ வருஷமா அங்கதானே இருக்காரு. இப்போ இன்னா புதுசா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, போய்ட்டு வா" என்றார். அன்றோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

செஞ்சிக் கடைத்தெருவில் பாயின் மருந்துக் கடையில் நான் பில் போடும் வேலையில் இருக்கிறேன். அக்காதான் அப்போது பார்மசிஸ்ட். அவருடைய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக் கடை நடத்தக் கூடாது என்பது சட்டம். அக்கா நினைத்திருந்தால் ஒரே நாளில் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் அவர் திண்டிவனம், விழுப்புரம் என்று தன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, கடைக்கு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார். எந்த மருந்தை ஃபிரிட்ஜில் வைப்பது, எதை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது, எந்தத் தாத்தாவுக்கு மாத்திரை அட்டையில் காலை, ராத்திரி என்று பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போகிற கூட்டம் ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலைவலி மாத்திரைக்கும் குளுக்கோஸுக்கும் வந்து மொய்த்த அன்று, மூன்று ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்தார். வேலையை விடப் போகிறவர் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாய்தான் மாறிப்போனார். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அக்கா நின்றுகொண்டிருப்பார். இவர் என் பக்கம் திரும்பி, "அந்தம்மாகிட்ட சொல்லு, சிரப்பு சரக்கு வந்திருக்குது" என்பார். அக்காவும் என்னைப் பார்த்தே, "எடுத்து வெச்சுட்டேன்னு சொல்லு" என்பார். நடுவில் மாட்டிக்கொண்டு நான் திணறுவேன். பாய் கெட்டவர் இல்லை. அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது, ரம்ஜான் நோன்போடு ஆஸ்பத்திரி வாசலில் சாயங்காலம் வரை நின்றவர். பெற்ற பெண்ணைப் போலத்தான் நினைத்திருந்தார். அதனால்தான், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாளே என்பது அவருக்கு விளங்கவில்லை. குறை இல்லாத இடத்தை விட்டு யாராவது போவார்களா, நன்றி கெட்டவர்கள்தானே போவார்கள் என்று வந்து போகிறவர்களிடம் ஜாடையாகப் பேச ஆரம்பித்தார். அக்கா காதில் விழும்படியே பேசினார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னாக்கா இது, நாளைக்கே நின்னுடேன்" என்றேன். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். கம்பெனி வேலையில் இருந்த அவர் கணவர் வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பாண்டியிலிருந்து வருவார். எங்கள் கடைக்கோ வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் தவிர வேறு விடுமுறை கிடையாது. ஞாயிறு மதியத்துக்கு மேல் மட்டும் லீவு வேண்டும் என்று அக்கா மூன்று முறை கேட்டிருக்கிறார். "அன்னிக்குத்தாம்மா டாக்டருங்க ஊர்ல இருக்க மாட்டாங்க. நம்மள வுட்டா ஜனங்களுக்கு யாரு?" என்று பாய் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்திருக்கிறார்.

அவர் சொன்னதும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அக்காவின் மகள் ஓடிவந்து கடை வாசலில் நின்று, "அம்மா, நைனா கிளம்புது" என்றாள். அக்கா ஒரு கிழவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். "இரு கண்ணு, வந்துட்டேன்" என்று சொல்லி, எண்ணி முடித்து, விவரம் சொல்லி வெளியே வருவதற்குள் பஸ் கடையைத் தாண்டிப் போயிருந்தது. அப்பாவும் கை காட்டிக்கொண்டேதான் போனாராம். மகள் அக்காவுக்குக் காத்திராமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"இத அன்னிக்கே பாய்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"போற நேரத்துல கொறைய சொல்லிட்டுப் போவக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. கம்பெனியில எல்லாம் அப்படித்தானாம். நல்லபடியா சொல்லிட்டு, நல்லபடியா வெளிய வரணும். அதுவும் இல்லாம, வயசானவரு. உங்களாலதான் போறேன்னு எப்படிம்மா சொல்றது? நீயும் சொல்லிடாத."

கடைசி நாளன்று பாய் சரக்கு எடுக்கிற சாக்கில் திண்டிவனம் போய்விட்டார். சரக்குக்கு அவர் நேரில் போனதே கிடையாது. அக்கா விளக்கு வைக்கும்வரை காத்திருந்து, வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டு, மருந்து பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். "சொல்லிக்கினு போனேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். பாய் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். அக்கா பழக்கிவிட்ட பெண் கல்யாணமாகிப் போனாள். அடுத்து வந்த பையன் ஒருநாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அன்றைக்குப் பாயே கவுண்டரில் நின்று, டாக்டர் எழுத்துப் புரியாமல் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்டார். "நீயாவது சொல்லும்மா. அந்தம்மா ஏன் போச்சு?"

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையை, மகள் வந்து நின்றதை, எல்லாவற்றையும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றார் முதலில். சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவரே, "மூணு வாட்டி கேட்டுச்சு இல்ல..." என்றார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். நானும் பக்கத்திலேயே நின்றேன். பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டார். ஊரில் வெயில் தாங்கவில்லை என்றார். முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்றார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. போனை என்னிடம் திருப்பித் தந்து, "நல்லா இருக்குதாம்" என்றார்.

போன மாதம் பாய் காலமாகிவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அக்காவால் வர முடிந்தது. பாயின் மனைவியோடு உள்ளறையில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தார். நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கோட்டை மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாண்டி பஸ் இன்னும் வரவில்லை.

"அன்னிக்கு போன்ல பேசும்போது சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார் அக்கா. "ஏன் போனேன்னு தெரியாமலே போய்ட்டாரே. கடைசி வரைக்கும் என்னை நன்றி கெட்டவள்னுதானே நெனைச்சிருப்பாரு."

"இல்லக்கா. அவருக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்போ?"

"அந்த போனுக்குக் கொஞ்சம் முன்னாடி."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பஸ் வந்து, ஜனங்கள் இடம் பிடிக்க முண்டிக்கொண்டு ஏறினார்கள். அவர் நகரவில்லை.

"அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் என்கிட்ட முட்டி வலின்னு சொல்லிக்கினு இருந்தாரா?" என்றார். "நானும் அதுக்கு இன்னா மாத்திரை போடணும்னு சொல்லிக்கினு இருந்தேனே."