இழுத்தால் கீழே

அப்பா இன்று முதன்முறையாக மைக்ரோலைட் என்ற குட்டி விமானத்தை ஓட்டினார். அவர் பழகிய விமானங்களில் பிடியை இழுத்தால் மூக்கு மேலே போகும். இதில் குறுக்குக் கம்பியை இழுத்தால் கீழே.

ஒரு வாரமாக ஒட்டடைக் கம்பை மார்புக்குக் குறுக்கே பிடித்துப் பழகினார்.

"அப்படியே ஒட்டடையும் அடிச்சிடுங்க," என்றாள் அம்மா.

இன்று இறங்கும்போது பழைய பழக்கத்தில் இழுத்துவிட்டார். தலைகுப்புறப் பாய்ந்த விமானம் தரைக்குச் சற்று மேலே நிமிர்ந்தது. வேலியோரம் நின்று பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லாதம்மா. நாளைக்குச் சரியா ஓட்டிடுவேன்," என்றார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி ஓட்டக் கிளம்புகிறார். அம்மா தூங்குகிறாள். எழுப்பிச் சொல்லட்டுமா?

நாம் மாற்றி மாற்றி எழுதும் இந்த நோட்டு பள்ளியில் உங்கள் கைக்கு வரும்போது முதல் பீரியட் ஆகியிருக்கும். பரவாயில்லை, யோசனை சொல்லுங்களடி.