ஒரே பந்தல்

கம்பம் ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் கர்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபது வயதில், தகப்பனாரோடும் தம்பி வேல்பாண்டியோடும் சேர்ந்து கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மூன்று ஏக்கருக்கும் ஒரே பந்தலாகப் போட்டவர். தகப்பனார் போனபின், கிணற்று மோட்டார் யார் முறை என்று தொடங்கிய பேச்சு பாகப்பிரிவினையில் வந்து நின்றது. நிலத்தைக் கல் ஊன்றிப் பிரித்தார்கள். பந்தலைப் பிரிக்க முடியவில்லை. நடுவில் வெட்டினால் கம்பியின் விறைப்புப் போய் இரண்டு பக்கமும் படுத்துவிடும். ஆகவே அண்ணனும் தம்பியும் மூன்று வருடமாக முகம் பார்க்காமல் ஒரே பந்தலுக்குக் கீழே விவசாயம் செய்தார்கள். இதில் இரண்டு பேருக்குமே பெருமை வேறு.

இந்தச் சித்திரை வெயிலில் மாவுப்பூச்சி வந்தது. குலைக்குள் பஞ்சு பஞ்சாக அடைந்து, பழத்தைப் பிசுபிசுக்க வைத்துக் கெடுத்துவிடும். கர்ணன் சோம்பேறி அல்ல. கொடிகளை வெட்டிவிடும் கவாத்தின்போதே, பூச்சி ஒளிந்திருக்கும் காய்ந்த பட்டையை உரித்து எரித்திருந்தார். பூச்சியைச் சுமந்து திரிவது எறும்புதான் என்று தெரிந்து, அடித்தண்டிலும் தூண்களிலும் பாலிதீன் சுற்றி கிரீஸ் தடவியிருந்தார். அப்படியும் கீழ்க்கோடி வரிசைகள் வெளுத்துக்கொண்டே வந்தன. அறுவடைக்குப் பத்து நாள்தான். இனி மருந்தடிக்கவும் கூடாது. இன்னும் இரண்டு வரிசைக்குப் பரவினால் பழம் எடுக்க மாட்டேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார்.

ஒரு காலையில் அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எறும்புச் சாரை தரையிலிருந்து ஏறவில்லை. தம்பியின் பக்கமிருந்து கம்பி வழியாக நிதானமாக வந்துகொண்டிருந்தது. கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டும் வேல்பாண்டி, தன் கொடிகளில் பட்டையே உரித்திருக்கவில்லை.

போய் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள் மனைவி முருகம்மாள். அவன் வாசலில் நான் போய் நிற்பதா என்றார் கர்ணன்.

"பூச்சிக்குக்கூட அங்கனயும் இங்கனயும் போக்குவரத்து இருக்கு," என்றாள் அவள். "ஒங்களுக்குத்தான் இல்ல."

மறுநாள் கர்ணன் கட்டிங் பிளேயரை எடுத்தார். எல்லையின் இரண்டு பக்கத் தூண்களும் சாயாதிருக்க இரும்பு முளை அடித்து இழுகம்பி கட்டினார். விவரமான ஆள்தான். ஆனால் முந்தின நாள்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது கோபத்தில் அவருக்கு மறந்துபோனது. எல்லை நெடுகக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி முடித்தபோது பந்தல் நின்றது. எறும்புகள் அறுந்த நுனிவரை வந்து திரும்பின. ரொம்ப நாளைக்குப் பிறகு கர்ணன் சிரித்தார்.

மத்தியானம் ஈரமண்ணிலிருந்து முளைகள் பிடுங்கிக்கொண்டன. ஒரு தூண் சாய்ந்து அடுத்ததை இழுத்தது. பழுத்த குலைகள் சேற்றில் விழுந்து நசுங்கின. கர்ணன் ஓடிப்போய் ஒரு தூணுக்குத் தோள்கொடுத்தார். திடீரென்று பாரம் குறைந்தது. எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய வேல்பாண்டி, ஜீப்பைப் பாதையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் தோள்கொடுத்து நின்றான். அவன் பக்கமும் சரிந்துகொண்டிருந்தது. அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் பட்டை உரிக்கவில்லை என்று மூச்சு வாங்கக் கேட்டார் கர்ணன். மூன்று வருடத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எறும்பு ஒங்க பக்கம் போறதப் பங்குனியிலயே பாத்துட்டேண்ணே," என்றான் வேல்பாண்டி. "வையிறதுக்காவது வருவீகன்னு விட்டு வச்சிருந்தேன்."