உள்ளங்கையில் அணைந்த கற்பூரம்

பட்டம் வாங்கி வந்த வாரம், எங்கள் ரப்பர் தோட்டத்தின் முதல் பட்டதாரி என்ற பெருமையோடு காஜா பேராங் அம்மன் கோயிலில் அர்ச்சனை வைத்தேன். தீபாராதனைத் தட்டு வந்ததும் எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பக்கத்தில் நின்றவர் மட்டும் கையை நீட்டவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது அவர் வலது உள்ளங்கையில் தீக்காய வடுவைக் கண்டேன். அவர் லாரி ஓட்டுநர் பொன்னுதுரை. பழகிய பிறகு அவரே சொன்னார்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு மறு வருஷம் நகராட்சித் தேர்தல். அப்போது அவர் கோயிலில் தேவாரம் பாடுவார். அந்தக் குரலுக்காகவே ராஜரத்தினம் என்ற வேட்பாளர் அவரைத் தன் பிரசாரத்துக்குச் சேர்த்துக்கொண்டார். சின்னம் விளக்கு.

"அம்மன் முன்னால எரியிறதும் இதே விளக்குதான். மாத்திப் போட்டா வீட்டு விளக்கு அணைஞ்சிரும்" என்று பொன்னுதுரை வீடு வீடாகச் சொன்னார். தட்டில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

"உங்க ஆளு ஜெயிச்சா எங்க வீட்டு லோங்காங்குக்கும் சாம்பிராணி போடச் சொல்லுங்கண்ணே, நாத்தம் தாங்கல" என்று சிரித்தபடியே சத்தியம் செய்தாள், அந்த வீடுகளில் ஒன்றில் இருந்த சந்திரமதி. ஆனால் அந்தச் சாக்கடையை முன்பு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தவர் சைக்கிள் சின்னக்காரர். அவருக்கே ஓட்டுப் போட்டாள். விளக்கு ஜெயித்தது.

அடுத்த வாரம் அவள் மகள் கோகிலாவுக்குக் காய்ச்சல். தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. சத்தியம் மீறிய பயத்தில் சந்திரமதி மகளைச் சன்னிதியில் கிடத்திவிட்டு ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சேதி கேட்டுப் பொன்னுதுரை அங்கே ஓடினார்.

"லாரி நிக்குது. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்மா."

"சாமி குத்தத்துக்கு ஊசி கேக்குமாண்ணே?"

"அது எலெக்சன் பேச்சுலா. சும்மா சொன்னது."

"தேவாரம் பாடுற வாய்தானே சொல்லுச்சு? அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

பொன்னுதுரை கோயிலுக்குள் போனார். அம்மன் முன் நின்று, கற்பூரக் கட்டியை உள்ளங்கையில் வைத்து ஏற்றினார்.

"இவ சத்தியம் என்னைச் சேரட்டும். தப்பு என் வாய் செஞ்சது. இனி இந்த வாய் இங்க பாடாது."

எரிவதை விரல்களால் மூடினார். அணைந்த பிறகே சந்திரமதி மகளைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினாள். கோகிலா பிழைத்தாள்.

"இந்த ஒரு புள்ள தப்பிச்சிருச்சு, தம்பி" என்றார் என்னிடம். "பயந்து போட்டவங்க ஓட்டையெல்லாம் நான் எங்க போய்த் திருப்பிக் குடுக்கிறது?"

பொன்னுதுரை இப்போது உஜோங் பாசிரில் குடியிருக்கிறார். மணல் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறார், பாடுவதில்லை.